ஸ்பெயின் வார்டில் முதல் நான்கு வாரம்: நர்சிங் மாணவர்களுக்குப் படிப்படியாக

ஸ்பெயினுக்குப் பயிற்சிக்குப் போகும் நர்சிங் மாணவர்கள் பெரும்பாலும் தெரியாத சொற்களை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். தெரியாத சொல் வந்தால் நின்று கேட்டுவிடுவீர்கள், அதனால் பெரிய கெடுதல் இல்லை. தெரிந்த சொல் மாதிரியே ஒலித்து வேறு பொருள் தரும் சொல்லும் எண்ணும்தான் நோயாளியைப் பாதிக்கும். கேட்காமலேயே புரிந்துவிட்டதாக நினைத்து வேலையைச் செய்துவிடுவோம்.

படி 1: கிளம்பும் முன் காகிதங்கள்

தடுப்பூசி அட்டையோடு ஹெபடைடிஸ் பி எதிர்ப்புச் சக்தி அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை முடிவையும் எடுத்துச் செல்லுங்கள். ஊசி போட்டதற்கான சான்று மட்டும் பல இடங்களில் போதாது. தட்டம்மை, சின்னம்மை விவரமும் கேட்பார்கள்.

அடுத்தது காவல்துறைச் சான்று. சிறுவர்களோடு தொடர்ந்து பழகும் பணிக்கு, பாலியல் குற்றப் பதிவு இல்லை என்று காட்டவேண்டும் என ஸ்பெயினில் 2015 முதல் சட்டம் இருக்கிறது. பயிற்சி மாணவர்களிடமும் இதைக் கேட்கிறார்கள். உங்கள் நாட்டில் வாங்கிய சான்றுக்கு அப்போஸ்டில் முத்திரையும் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாடு ஏற்பதற்கான முத்திரை) அங்கீகாரம் பெற்ற ஸ்பானிய மொழிபெயர்ப்பும் தேவைப்படும். இதை ஸ்பெயினில் இறங்கிய பிறகு தொடங்கினால் முதல் பயிற்சிச் சுற்றே கைவிட்டுப் போகலாம்.

படி 2: முதல் வாரம், அலுவலக வேலை

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வந்தவர்கள், நாட்டுக்குள் நுழைந்த ஒரு மாதத்துக்குள் டி.ஐ.இ. என்னும் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு 'தீத்தா பிரேவியா' என்ற முன்பதிவு அவசியம். பெரிய நகரங்களில் அது எளிதில் கிடைக்காது, ஆகவே வந்த நாளிலிருந்தே தேடத் தொடங்குங்கள். நகராட்சியில் முகவரியைப் பதியும் 'எம்பாத்ரோனாமியென்தோ'வுக்கு வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள்.

படிவங்களில் இரண்டு குடும்பப் பெயர்களுக்கு இடம் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளதை மட்டும் எழுதி, மற்றதைக் காலியாக விடுங்கள். ஓரிடத்தில் அப்பா பெயரைச் சேர்த்து இன்னோரிடத்தில் விட்டுவிட்டால், பிறகு காப்பீட்டு அட்டையும் பல்கலைக்கழக அட்டையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

படி 3: எண்களைத் திரும்பக் கற்றுக்கொள்ளுங்கள்

இதற்கு ஒரு வாரம் முழுவதும் செலவிடலாம், அவ்வளவு முக்கியம்.

ஸ்பெயினில் தசமத்துக்குக் கமா, ஆயிரத்துக்குப் புள்ளி. மருந்துத் தாளில் 0,5 மி.கி. என்றால் அரை மில்லிகிராம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து 5.000 என்றால் ஐந்தாயிரம் யூனிட், ஐந்து அல்ல. கமா மங்கலாக விழுந்தால் 0,5 என்பது 05 ஆகத் தெரியும். அதனால் சந்தேகம் வந்தால் எண்ணை வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்யுங்கள்: 'தேரோ கோமா தின்கோ'. நீங்கள் எழுதும்போது 5,0 என்று எழுதவே வேண்டாம். கமா அழிந்தால் அது 50 ஆகிவிடும்.

கையெழுத்தில் ஒன்று என்ற எண்ணுக்கு நீளமான மேல்கோடு இருக்கும், பார்வைக்கு நம் ஏழு போலவே தெரியும். அவர்களுடைய ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு உண்டு. அந்தக் கோட்டைத் தேடிப் பாருங்கள்.

ரத்த அழுத்தத்தை நோயாளிகள் பத்தால் வகுத்துச் சொல்வார்கள். 'பன்னிரண்டு, எட்டு' என்றால் 120/80. 'பதினான்கு, ஒன்பது' என்றால் 140/90. பதிவேட்டில் முழு எண்ணாகவே எழுதுங்கள்.

காதுக்கு இன்னொரு சோதனை அறுபதும் எழுபதும். 'செசென்தா' 60, 'செதென்தா' 70. போனில் நாடித்துடிப்பைக் கேட்டுக் குறிக்கும்போது இலக்கம் இலக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள்: 'செய்ஸ், தேரோ'. பதினொன்றுக்கான 'ஓன்தே' எழுத்தில் ஆங்கில 'ஒன்ஸ்' போலவே இருக்கும். ஒரு முறை கொடுக்கவேண்டிய மாத்திரை பதினொன்றாகப் படிக்கப்படும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

படி 4: ஏமாற்றும் சொற்கள்

'எஸ்தோய் கோன்ஸ்திபாதோ' என்று நோயாளி சொன்னால், ஆங்கில 'கான்ஸ்டிபேட்டட்' போல ஒலிக்கிறதே என்று மலச்சிக்கல் என நினைத்துவிடாதீர்கள். ஸ்பெயினில் அது சளி, ஜலதோஷம். மலச்சிக்கலுக்குச் சொல் 'எஸ்த்ரென்யீதோ'.

'மாரேயாதோ' தலைசுற்றலாகவும் இருக்கலாம், குமட்டலாகவும் இருக்கலாம். அறை சுற்றுகிறதா, வாந்தி வருகிறதா, கண் இருட்டுகிறதா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். 'ஃபத்தீகா'வும் அப்படித்தான்: மூச்சுத் திணறல், களைப்பு, தெற்கு ஸ்பெயினின் ஆண்டலூசியா பக்கம் குமட்டல். அந்தப் பகுதியில் சொல் முடிவில் வரும் 'ஸ்' ஒலியையும் விழுங்கிவிடுவார்கள், அதனால் பாடப்புத்தக ஸ்பானியம் மட்டும் படித்த காதுக்கு முதல் பத்து நாள் கடினம்.

ஆங்கில 'இன்டாக்சிகேட்டட்' (போதையில் இருப்பவர்) போல ஒலிக்கும் 'இன்தோக்சிகாதோ' பற்றிக் கூடுதல் கவனம் வேண்டும். உணவு ஒவ்வாமல் உடல் கெட்டதற்கும் இச்சொல்லைச் சொல்வார்கள். 1980-இல் புளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவரின் குடும்பத்தார் இப்படிச் சொன்னது போதைப்பொருள் மிகையாக எடுத்துக்கொண்டதாகப் புரிந்துகொள்ளப்பட்டது. உண்மையில் அவருக்கு மூளையில் ரத்தக்கசிவு. கண்டுபிடிக்கத் தாமதமாகி, கை கால் நான்கும் செயலிழந்தன.

அவசரத்தில் உதவும் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'மே லோ புவேதே ரெப்பெத்தீர் மாஸ் தெஸ்பாசியோ?' இன்னும் மெதுவாகத் திரும்பச் சொல்ல முடியுமா என்று பொருள். பார்சிலோனாவிலோ வலென்சியாவிலோ பயிற்சி என்றால், வயதானவர்கள் கட்டலான் அல்லது வலென்சியன் மொழியில் பேசத் தொடங்குவது இயல்பு. ஸ்பானியத்தில் பேசும்படி பணிவாகக் கேட்கலாம்.

நீ, நீங்கள் வேறுபாடு ஸ்பானியத்திலும் உண்டு, இது நமக்குப் பழகியதுதான். வயதான நோயாளியிடம் மரியாதை வடிவம்: 'லே துவேலே?' (வலிக்கிறதா உங்களுக்கு?). உடன் பணிபுரிவோர் 'தூ' என்று ஒருமையில் அழைத்தால் அது அவமரியாதை ஆகாது.

படி 5: ஆளை உறுதிசெய்தல்

ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள், வழக்கமாக முதலில் தந்தையுடையது, பிறகு தாயுடையது. திருமணத்தால் பெண்ணின் பெயர் மாறுவதில்லை, எனவே கணவன் பெயரைக் கொண்டு மனைவியைத் தேடினால் கிடைக்கமாட்டார். கார்சியா நாட்டிலேயே மிகப் பரவலான குடும்பப் பெயர். ஒரே வார்டில் நான்கு கார்சியாக்கள் இருப்பதில் ஆச்சரியமில்லை. இரண்டு குடும்பப் பெயர், பிறந்த தேதி, கைப்பட்டை மூன்றும் பொருந்தினால்தான் மருந்து. 'நீங்கள் கார்சியாவா?' என்று கேட்காமல், 'உங்கள் முழுப்பெயர் என்ன?' என்று கேளுங்கள். காது மந்தமானவர்கள் எதற்கும் 'சீ' (ஆம்) என்று தலையாட்டுவார்கள்.

படி 6: ஷிஃப்டும் பொறுப்பும்

பல மருத்துவமனைகளில் காலை 8 முதல் 15 மணி, மாலை 15 முதல் 22, இரவு 22 முதல் மறுநாள் 8 வரை. குளிப்பாட்டுவதும் உணவூட்டுவதும் பெரும்பாலும் துணைச் செவிலியர்களின் வேலை. நோயாளியை ஸ்கேனுக்குக் கொண்டுபோவது 'செலாதோர்' எனப்படும் மருத்துவமனை உதவியாளர். இது தெரியாமல் நோயாளியைத் தனியாகத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்பவர்கள் உண்டு. இரவில் உறவினர் ஒருவர் படுக்கையருகே சாய்வு நாற்காலியில் தூங்குவார். அவரை வெளியே அனுப்பாதீர்கள், நோயாளியைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அவர்தான்.

ஊசி குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், அமுக்கிப் பிழியாதீர்கள். 'மே ஏ பிஞ்சாதோ' (ஊசி குத்திக்கொண்டேன்) என்று உடனே பொறுப்புச் செவிலியரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் பயனில்லை. ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவக் குறிப்பில் எச்.ஐ.வி. என்பது வி.ஐ.எச். என எழுத்து மாறி நிற்கும், அதையும் தேடிப் படியுங்கள்.