மரவேலை வகுப்பெடுக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்நிலை, மேல்நிலைப் பிள்ளைகளுக்கு மரவேலையும் வடிவமைப்பும் சொல்லித்தர முன்வரும் இளம் பயிற்றுநர்களின் வகுப்புகளைப் பார்க்கும்போது, எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள் அச்சுப் பிசகாமல் திரும்பி வருவது தெரிகிறது. காப்புக் கண்ணாடி அணிவது, உளியைத் தீட்டி வைப்பது போன்றவற்றை எல்லோரும் அறிவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

உலராத பச்சை மரத்தில் வகுப்பைத் தொடங்குவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். எங்கள் குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, மார்த்தாண்டம் பக்கங்களில் பால் வற்றிய ரப்பர் மரங்களை வெட்டி மறுநடவு செய்யும்போது அந்தப் பலகை மலிவாகக் கிடைக்கிறது. வெளிர் நிறமும் இழைப்புளிக்கு இணங்கும் தன்மையும் உள்ளதால் வாங்குபவருக்கு ஆசை வருவதில் வியப்பில்லை. ஆனால் ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. அறுத்த ஓரிரு நாட்களுக்குள் மருந்து ஏற்றி உலர்த்தத் தொடங்காவிட்டால் முதலில் நீலப் பூஞ்சை படரும். பிறகு துளைக்கும் வண்டு புகுந்து பலகையை மாவாக உதிர்க்கும்.

ஒரு பள்ளியில் தேனீப் பெட்டி செய்யும் பயிற்சி நடந்தது. தேன் தொழில் பரவிய நம் மாவட்டத்துக்கு மிகப் பொருத்தமான பயிற்சி அது. ரப்பர் தளிர்க்கும் பருவத்தில்தான் இங்கே தேன் வரத்து மிகும். அதற்குள் பெட்டிகள் தயாராக வேண்டும் என்ற அவசரத்தில், ஐப்பசி மழையில் அறுத்த பலகைகளை மில்லிலிருந்து நேரே வகுப்புக்குக் கொண்டுவந்திருந்தார் பயிற்றுநர். வாளின் பற்களில் ஈரத்தூள் அப்பிக்கொண்டது. அங்கு வந்த ஆசாரி ஒருவர் ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சாரே, இது பச்சையில்லா? ஒரு கோடை போகட்டும்" என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தை மாதத்தில் வெயில் ஏறிய பிறகு, தேனீ அடை கட்டுவதற்காகப் பெட்டிக்குள் தொங்கவிடும் சட்டங்களை இறக்கிப் பார்த்தால், அவற்றின் அடிக்கட்டை பெட்டியின் அடிப்பலகையில் முட்டி நின்றது, மேல்மூடி உட்காரவில்லை. மரம் உலரும்போது நார் ஓடும் நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை, அகலவாக்கில்தான் சுருங்கும். பெட்டியின் சுவர்ப் பலகைகளில் நார் படுக்கையாக ஓடுவதால், பெட்டியின் உயரம் என்பது பலகையின் அகலமே. உள்ளே தொங்கும் சட்டத்தின் பக்கக் கட்டைகளிலோ நார் நெட்டுக்குத்தாக ஓடுகிறது. அவற்றின் உயரம் மாறாது. எனவே 200 மி.மீ. அகலப் பலகை 6 மி.மீ. சுருங்கினாலே போதும், சட்டத்துக்கு அடியில் தேனீ நடமாட விட்டிருந்த சில மில்லிமீட்டர் சந்து அடைபட்டுவிடும். மூடியின் அடியில் குறுக்குக் கட்டை வைத்துப் பசையும் திருகாணியும் போட்டு இறுக்கியிருந்தவர்களின் மூடிகள் நடுவே பிளந்தன. குறுக்குக் கட்டை விட்டுக்கொடுக்கவில்லை; பலகை சுருங்காமல் இருக்க முடியவில்லை.

இத்தனைக்குப் பிறகு அந்தப் பயிற்றுநர் 'அளவு தவறு' என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தார். ஒரு மாணவியின் வரைபடத்தை வாங்கி நானே சரிபார்த்தேன். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. மரத்தின் குற்றத்தை, அதை வாங்கியவரின் குற்றத்தை, பிள்ளையின் தலையில் கட்டியதை இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. இரண்டு பருவமழையும் பெறும் இந்த மாவட்டத்தில் அந்தக் கணக்கைக் குறுக்கப் பார்க்க வேண்டாம். கூரைக்கு அடியில், பலகைகளுக்கு இடையே ஒரே கனமுள்ள ரீப்பர் துண்டுகளை வைத்துக் காற்றோடும்படி அடுக்கி, முனைகளில் பெயின்ட் பூச வேண்டும். அடுக்கிலிருந்து ஒரு துண்டை வாரந்தோறும் எடைபோட்டு, எடை குறைவது நின்ற பிறகே வகுப்புக்கு எடுக்க வேண்டும். அவ்வளவு காலம் இல்லையென்றால், வீடு இடிக்கும் இடங்களில் பழைய பலா, அயனிப் பலகைகள் கிடைக்கும்; ஆணியை மட்டும் தேடிப் பிடுங்கிவிடுங்கள். மருந்து ஏற்றிய ரப்பர் பலகை முக்காலிக்கு நன்று. பூச்சியைக் கொல்லும் மருந்து ஏறிய பலகையில் தேனீயைக் குடிவைக்க எனக்கு மனம் வராது.

இந்தச் சுருக்கத்தையே முதல் வடிவமைப்புப் பாடமாக வைக்கலாம். பழைய வீட்டுக் கதவு ஒன்றின் முன் மாணவர்களை நிறுத்தி, சட்டத்தின் காடிப் பள்ளத்துக்குள் நடுப்பலகை ஏன் ஒட்டப்படாமல் விடப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள்.

"பிடித்ததைச் செய்யுங்கள்" என்று விட்டுவிடுவது

பாதி வகுப்பு கைப்பேசி தாங்கி வரைந்து வரும், அதுவும் கைப்பேசியில் பார்த்த படத்தை வைத்தே. ஒரு பலகை, ஒரு பயன், ஓர் ஆள் என்று எல்லை போட்டுக் கொடுத்தால்தான் கற்பனை வேலை செய்யத் தொடங்கும். முட்டுவலியுள்ள பாட்டி உட்கார்ந்து எழ வசதியான பலகை என்று சொன்னால், மாணவர் வீட்டுக்குப் போய்ப் பாட்டியின் முழங்கால் உயரத்தை அளந்தாக வேண்டும். அளந்ததை முதலில் அட்டையில் முழு அளவில் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அரண்மனைச் செதுக்கலை நகலெடுக்கச் சொல்வது

தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கும்போது அங்கே அழைத்துப் போகாமல் இருக்க முடியாது (திங்கட்கிழமை விடுமுறை). ஆனால் பூமுகத்தின் (முகப்பு மண்டபத்தின்) கூரைப் பூக்களைப் படமெடுத்து வந்து அப்படியே செதுக்கச் சொல்வது, உளி பிடிக்கவே பழகாத பிள்ளையிடம் தேர்ந்த ஆசாரியின் வேலையைக் கேட்பதாகும். மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் சாய்ந்த மரச் சட்டங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: வெயில் தடுக்கப்படுகிறது, காற்று வருகிறது. அந்தச் சாய்வையும் இடைவெளியையும் அளந்து வந்தவர்கள் காற்றோட்டமான வெங்காயப் பெட்டி ஒன்றைத் தாமாகவே வடிவமைத்துவிடுவார்கள். அதற்குச் செதுக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

உப்புத்தாளைச் சீக்கிரம் கொடுப்பது

இழைப்புளி கைக்குப் பழகும்வரை உப்புத்தாளை அலமாரியில் பூட்டி வைக்கவும்.

மாணவர் கையிலிருந்து உளியை வாங்குவது

வாங்கக் கூடாது, கண்காட்சிக்கு மறுநாள்தான் இருக்கிறது என்றாலும்.