போப் உலகத்தைப் பங்கு போட்டார் என்று எழுதும் முன்

1493-ல் போப் ஆறாம் அலெக்சாண்டர் உலகத்தையே இரண்டாகப் பிரித்து ஸ்பெயினுக்குப் பாதி, போர்ச்சுகலுக்குப் பாதி கொடுத்தார் என்று எழுதாதீர்கள். அந்த ஆண்டு மே 4 தேதியிட்ட ஆணை ஸ்பெயினின் காஸ்டீல் அரச தம்பதிக்கு மட்டும் கொடுத்தது. அட்லாண்டிக்கில் உள்ள அசோர்ஸ், கேப் வெர்டே தீவுகளுக்கு மேற்கே 100 லீக் (அக்காலத் தூர அளவு) தள்ளி ஒரு கோடு, அதற்கு அப்பால் கிடைப்பதெல்லாம் அவர்களுக்கு. 1492 கிறிஸ்துமஸுக்குள் வேறு கிறிஸ்தவ அரசர் வசம் போனவை மட்டும் விலக்கு. போர்ச்சுகலுக்கு அதில் பங்கே இல்லை. அவர்கள் கையில் இருந்தது 1455-ல் ஐந்தாம் நிக்கோலஸ் ஆப்பிரிக்கக் கரை பற்றித் தந்த ஆணை.

அப்புறம், இரு நாடுகளும் செய்துகொண்ட டோர்டெசியாஸ் ஒப்பந்தத்தையும் போப் தலையில் கட்டுவது தப்பு. போர்ச்சுகல் அரசர் இரண்டாம் ஜோவாவுக்கு அந்தக் கோடு ஒத்துவரவில்லை, நேராக ஸ்பெயினோடு பேசி 1494 ஜூன் 7-ல் கேப் வெர்டேயிலிருந்து மேற்கே 370 லீக் தூரத்துக்குத் தள்ளிவிட்டார். பிரேசிலின் கிழக்குப் பகுதி போர்ச்சுகல் பக்கம் வந்தது இதனால்தான். ரோமின் ஒப்புதல் 1506-ல் வேறொரு போப்பிடமிருந்து வந்தது. அரசர்கள் போப்பின் வார்த்தையைத் தங்களுக்கு வேண்டிய அளவுக்குத்தான் எடுத்துக்கொண்டார்கள், இதை விட்டுவிட்டால் கதையே தப்பாகிவிடும்.

இங்கிலாந்து புராட்டஸ்டன்ட் ஆன பிறகுதான் போப்பின் ஆணையை மீறியது என்பதும் சரியில்லை. அரசர் ஏழாம் ஹென்றி, புது நிலங்களைத் தேடிக் கைப்பற்றக் கடலோடி ஜான் கேபட்டுக்குப் பட்டயம் கொடுத்தது 1496-ல், அப்போது இங்கிலாந்து கத்தோலிக்க நாடு.

"அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்" என்பதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. 1513-லிருந்து ஸ்பானியப் படைகள் அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் ஓர் அறிவிப்பை வாசித்தன: போப் இந்த நிலத்தை எங்கள் அரசருக்குக் கொடுத்துவிட்டார், அடங்காவிட்டால் போர் தொடுப்போம், உங்களையும் மனைவி மக்களையும் அடிமையாக்குவோம், அதில் சாவு விழுந்தால் குற்றம் உங்களுடையதே. கேட்டவர்களுக்கு அந்த மொழியே தெரியாது. இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை என்று எழுதியவர் லாஸ் காசாஸ், ஸ்பெயின்காரர், பாதிரியார். 1539-ல் சலமன்கா பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியர் பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா, போப் உலகம் முழுவதற்கும் அரசர் அல்ல, அந்த மக்களே தங்கள் நிலத்தின் உண்மையான உரிமையாளர்கள் என்று விரிவுரையிலேயே சொன்னார். (அவரும் போருக்கு வேறு நியாயங்களை ஒப்புக்கொண்டவர்தான், அதையும் மறைக்கக் கூடாது.)

போப்பின் ஆணையோடு எல்லாம் முடிந்தது என்றும் எழுதாதீர்கள். 1823-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கண்டுபிடித்த நாட்டுக்கே நிலத்தின் மேல் உரிமை, பூர்வகுடிகளுக்குக் குடியிருக்கும் உரிமைதான் என்றது. ஆதாரங்களில் ஒன்றாகக் காட்டியது கேபட்டின் பட்டயத்தை. பூர்வகுடிகள் தனியாருக்கு விற்ற நிலம் அமெரிக்க நீதிமன்றங்களில் செல்லாது என்று தீர்ப்பானது.