மங்குக்கு வீட்டு மருந்து: எதைப் பூசலாம், எதைத் தொடவே கூடாது

கன்னத்து மேட்டிலும் நெற்றியிலும் மேலுதட்டுக்கு மேலேயும் பழுப்பாகப் படர்ந்து, அரிப்பும் இல்லாமல் வலியும் இல்லாமல் உட்கார்ந்துகொள்கிறதே, அந்த மங்கு பற்றித்தான் இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது வேரோடு போகிற சமாசாரம் இல்லை. வெளுக்கும், கவனம் தப்பினால் திரும்ப வரும். ஏழே நாளில் மங்கு மாயம் என்று யாராவது வீடியோ போட்டால் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

எதையும் பூசுவதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நம்முடைய மாநிறத் தோல் எரிச்சல் பட்டால் கருக்கும். பருவைக் கிள்ளின இடமும் கொசு கடித்துச் சொறிந்த இடமும் மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கிறதே, அதே கணக்குதான். அதனால் எதைப் பூசியும் சுர்ரென்று எரிந்தால், மருந்து வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராமல் உடனே கழுவிவிடுங்கள்.

இந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது எலுமிச்சை. சாறு நல்ல கடுமையான அமிலம், போதாததற்கு எலுமிச்சை வகைகளில் இருக்கும் சில பொருட்கள் வெயிலோடு சேர்ந்தால் தோலைப் புண்ணாக்கிக் கருக்க வைக்கும். சர்க்கரை வைத்துத் தேய்ப்பது, பேக்கிங் சோடா, பற்பசை எல்லாம் அதே ரகம். ஜாதிக்காயைப் பால் விட்டுக் கல்லில் உரசிப் பூசுவது பாட்டிகள் காலத்து வழக்கம். சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்குக் காந்தும், காந்தினால் விட்டுவிடுங்கள். உருளைக்கிழங்குச் சாறு பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் செய்யாது, நல்லதும் பெரிதாகச் செய்யாது. பேசாமல் பொரியல் செய்துவிடலாம்.

சரி, எதைத்தான் பூசுவது? என் ஓட்டு அதிமதுரத்துக்கு. அதில் இருக்கும் கிளாப்ரிடின் என்ற பொருள், தோலில் கருநிறம் உண்டாக உதவும் நொதியைத் தடுக்கிறது. மங்குக்கான க்ரீம்கள் பலவற்றில் அதிமதுரச் சாற்றைச் சேர்ப்பதும் இதற்காகத்தான். பொடியாக வாங்காமல் வேராக வாங்குங்கள். சென்னையில் பாரிமுனைப் பக்கம் ராசப்ப செட்டி தெருவுக்குப் போனால் நாட்டு மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கும், இல்லையென்றால் உங்கள் பேட்டையிலேயே ஒரு கடை இருக்கும். ஒடித்தால் உள்ளே மஞ்சளாக, மென்றால் இனிப்பாக இருக்க வேண்டும். காயவைத்து இடித்து மிக்ஸியில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். சல்லடை போதாது, நார் நின்றால் முகத்தைக் கீறும். அரை டீஸ்பூன் பொடியைக் காய்ச்சி ஆறின பாலிலோ பன்னீரிலோ குழைத்து முதலில் முழங்கையின் உள்பக்கம் பூசிப் பார்த்து, இரண்டு நாள் பொறுங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் முகத்துக்குப் போகலாம்: ராத்திரியில், வாரம் இரண்டு தடவை, கால் மணி நேரம். காய்ந்து இறுகும் முன்பே தண்ணீர் விட்டு நனைத்துக் கழுவ வேண்டும், உரித்துத் தேய்க்கக் கூடாது.

கற்றாழை கருக்காது, ஆறுதல் தரும், ஆனால் மடலை வெட்டினதும் வடிகிற மஞ்சள் பால் அரிக்கும். மடலைக் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்து அதை வடியவிட்டு, உள்ளே இருக்கும் வழவழப்பான சோற்றை நன்றாக அலசின பிறகே பூசுங்கள். தயிர் புளிக்காததாக இருந்தால் பரவாயில்லை. மஞ்சள் சிலருக்கு அலர்ஜி, சோதிக்காமல் வேண்டாம்.

இவ்வளவும் துணை மருந்துதான். மெயின் மருந்து குடை. சென்னையில் மார்கழி மதிய வெயிலே போதும், அக்னி நட்சத்திரம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. காலை பத்து மணிக்கு மேல் மாடியில் வடகம் காயவைக்கப் போனாலும், ஸ்கூட்டியில் சிக்னலில் நின்றாலும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் மங்குக்குத் தீனிதான்; ஜன்னல் கண்ணாடி எல்லாக் கதிரையும் தடுக்காது. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கூட்டும் என்பதால் சாதாரண சன்ஸ்கிரீனைவிட, தோல் நிறத்தில் இருக்கும் இரும்பு ஆக்சைடு கலந்தது நல்லது. எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாமல் பார்த்து, பின்பக்கம் இரும்பு ஆக்சைடைக் குறிக்கும் சி.ஐ. 77491, 77492 போன்ற எண்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்து இரண்டுக்கும் பூச வேண்டும், வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். இதைச் செய்யாமல் அதிமதுரம் அரைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

இரண்டு மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும். மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஜன்னல் பக்கம், ஒரே நேரத்தில் போட்டோ எடுத்துவைத்து ஒப்பிடுங்கள். தினமும் கண்ணாடி பார்த்தால் ஒன்றும் புரியாது, கவலைதான் மிஞ்சும்.

மருந்துக் கடையில் மங்கு க்ரீம் என்று கேட்டு வாங்குகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அப்படித் தருகிற பல டியூப்களில் ஹைட்ரோகுயினோன், ட்ரெடினோயின் என்ற மருந்துகளோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். டாக்டர் சொன்ன நாள்வரை போட்டால் அது மருந்து, மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து சிவந்து முடிகூட முளைக்கும். லேபிள் இல்லாத வெளுப்பு க்ரீம் இன்னும் மோசம், பாதரசம் இருக்கலாம், அது சிறுநீரகம்வரை போகும்.

கர்ப்பமாக இருக்கும்போது வந்த மங்கு பிரசவத்துக்குப் பிறகு பலருக்குத் தானாகவே குறையும், அதுவரை குடையும் சன்ஸ்கிரீனும் போதும். கருத்தடை மாத்திரை சாப்பிடத் தொடங்கின பிறகு வந்திருந்தால் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். பின்கழுத்து, நெற்றியெல்லாம் தடித்து வெல்வெட் மாதிரி கறுத்தால் அது மங்கே இல்லை, முதலில் சர்க்கரை பார்க்க வேண்டும். சென்னை சென்ட்ரல் எதிரே அரசு பொது மருத்துவமனையில் (ஜி.எச்.) தோல் பிரிவு இருக்கிறது, சித்த வைத்தியம்தான் வேண்டும் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். எங்கே போனாலும் இதுவரை பூசின டியூப், டப்பா, பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.