கெக்கோ இரை எடுக்கவில்லையா? தரைச் சூட்டைப் பாருங்கள்

வீட்டில் தொட்டியில் வளர்க்கும் பல்லி வகையான லெப்பர்ட் கெக்கோ இரையைத் தொடாவிட்டால் முதல் சந்தேகம் சூட்டின் மேல்தான். வயிற்றுக்கடியில் சூடு இல்லையென்றால் தின்றது செரிக்காது. தொட்டியின் ஒரு பக்கத் தரை 31–33 டிகிரி, மறுபக்கம் 25 டிகிரி வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய மீட்டர் போதாது, அது காற்றைத்தான் காட்டும்; சென்சார் முனையைத் தரையிலேயே வையுங்கள். நெல்லைச் சித்திரை வெயிலில் நேர்மாறு: குளிர்ந்த பக்கமும் கொதிக்கும், அதனாலும் இரை எடுப்பது நிற்கும். தொட்டியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள்.

தோல் வெளுத்திருந்தால் உரிக்கப்போகிறது, அதனாலும் தின்னாமல் இருக்கலாம். ஈரத்துணியோடு மண்சட்டியைக் கவிழ்த்து வைத்துக் காத்திருங்கள். வாயைத் திறந்து திணிக்கவே வேண்டாம், பாவம். தின்னாத சில்வண்டை இரவில் விட்டுவைத்தால் அது கெக்கோவைக் கடிக்கும்.

வாரம் ஒருமுறை கிராம் தராசில் நிறுங்கள். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வால் மெலிந்தாலோ, புது எச்சத்தையும் எடுத்துக்கொண்டு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள்.