கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக் பயணம்: திரும்பும் தேதியில் இருந்து தொடங்குங்கள்

அலாஸ்காவின் வடக்கே புரூக்ஸ் மலைத்தொடரில் இருக்கும் இந்தத் தேசியப் பூங்கா 1980-இல் அமைக்கப்பட்டது. ஒட்டியுள்ள காப்பகத்தையும் சேர்த்தால் சுமார் 34,000 சதுர கிலோமீட்டர், அதாவது கேரளாவைவிடக் கொஞ்சம்தான் சின்னது. உள்ளே சாலை கிடையாது, போட்டுவைத்த நடைபாதையும் கிடையாது. நுழைவுக் கட்டணம் இல்லை, சொந்தமாகப் போகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டும் தேவையில்லை. விசா எடுப்பது, கூடாரம் அடிப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: வழி. முதலில் அலாஸ்காவின் நடுவில் இருக்கும் ஃபேர்பேங்க்ஸ் நகரம். அங்கிருந்து டால்டன் நெடுஞ்சாலையில் கோல்ட்ஃபுட் என்ற சின்ன ஊருக்குப் போய் மேற்கே நடக்கலாம், ஆனால் வாடகைக் கார் கொடுப்பவர்களில் பலர் அந்தச் சரளைச் சாலைக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பெட்டில்ஸ் என்ற இன்னொரு சின்ன ஊருக்குப் போய், தண்ணீரில் இறங்கும் மிதவை விமானத்தில் ஏதாவது ஏரியில் இறங்கலாம், அழகான வழிதான், பணம் கரையும். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது அனக்டுவுக் பாஸ். நூனாமியூட் என்னும் பழங்குடி மக்களின் ஊர், பூங்கா எல்லைக்குள்ளேயே இருக்கிறது, ஃபேர்பேங்க்ஸில் இருந்து வழக்கமான விமானச் சேவை உண்டு, இறங்கியதும் நடக்கத் தொடங்கிவிடலாம். ஊரைச் சுற்றி அவர்களுடைய நிலம் இருப்பதால் எங்கே கூடாரம் போடலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: தேதி. இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் உடைகின்றன. எல்லாரும் போகும் தேதியைக் குறித்துவிட்டு அதிலிருந்து நாள் எண்ணுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். இந்தச் சின்ன விமானங்களின் விமானிகள் கண்ணால் பார்த்து ஓட்டுபவர்கள், கணவாயில் மேகம் இறங்கிவிட்டால் வரமாட்டார்கள், வரவும் கூடாது. அதனால் ஃபேர்பேங்க்ஸில் இருந்து ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கும் உங்களை மலையில் இருந்து ஏற்றும் நாளுக்கும் நடுவில் மூன்று நாளாவது காலியாக விடுங்கள், அந்த மூன்று நாளுக்கும் சேர்த்தே சாப்பாடு கட்டுங்கள். மிதவை விமானம் என்றால் ஏரியின் பெயரை மட்டும் சொன்னால் போதாது, எந்தக் கரை என்று ஜிபிஎஸ் எண்ணோடு எழுதிக் கொடுங்கள். மாதம்? ஜூன் பாதியில் இருந்து ஜூலை முழுக்கக் கொசு பிடுங்கி எடுக்கும். என் ஓட்டு ஆகஸ்டுக்கு. அப்போதும் பனி விழலாம், அதற்கும் துணி வேண்டும்.

படி 3: எடை. சின்ன விமானத்தில் ஏற்றும்முன் பையோடு உங்களையும் சேர்த்துத்தான் நிறுப்பார்கள். கனமான பெட்டி வேண்டாம், மடங்கும் பைகளாக எடுத்துப்போங்கள்.

படி 4: எரிபொருள், கரடி ஸ்பிரே. கரடி கிட்டே வந்தால் அதன்மேல் அடித்து விரட்டும் மிளகாய்க் காரம்தான் இந்த ஸ்பிரே. இரண்டையும் பெரிய பயணிகள் விமானத்தில் கொண்டுவர முடியாது, ஃபேர்பேங்க்ஸில்தான் வாங்கவேண்டும். சின்ன விமானத்தில் ஏறும்போது விமானியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தனியாக வைக்க இடம் பார்ப்பார். விறகை நம்பவே நம்பாதீர்கள், வடக்கே போகப்போக மரமே இல்லை. குளிரில் சமாளிக்கும் என்பதால் எனக்குத் திரவ எரிபொருள் அடுப்புதான் பிடிக்கும். கரடி திறக்கமுடியாத உணவு டப்பாவைப் பூங்கா அலுவலகத்திலேயே இலவசமாக இரவல் தருவார்கள். பற்பசை, சன்ஸ்கிரீன், பருப்புப்பொடி என்று மணக்கிற எல்லாமே அதற்குள்தான்.

படி 5: நடை. டசக் என்கிற ஆடும் புல்முண்டுகளும் சதுப்பும் சேர்ந்து காலை வாரும். ஒரு நாளைக்கு எட்டுப் பத்து கிலோமீட்டர் போனாலே நல்ல நாள். மழை பெய்தால் ஆறு ஏறும், அப்போது வடியும்வரை உட்கார்ந்திருப்பதுதான் சரி. கைபேசி சிக்னல் கிடையாது. ஆபத்துப் பொத்தான் மட்டும் உள்ள கருவியை வாங்காதீர்கள், செயற்கைக்கோள் வழியாக இருபக்கமும் குறுஞ்செய்தி போகிற கருவிதான் வேண்டும். ஆறு தடுத்து ஒரு நாள் தாமதம் என்றால் அதை விமானிக்குச் சொல்ல வெறும் ஆபத்துப் பொத்தானால் முடியாது.

பின்சேர்க்கை: மிச்சமான ஸ்பிரேயை என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வடக்கே கிளம்பும் யாருக்காவது ஃபேர்பேங்க்ஸிலேயே கொடுத்துவிடுங்கள், எரிபொருளையும் அப்படியே. அப்புறம் அடுப்பையும் எரிபொருள் குப்பியையும் நன்றாகக் கழுவிக் காயவையுங்கள், வாடை அடித்தால் விமான நிலையச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.