பாண் பூஞ்சணத்தில் கலச்சுவர்கள் இணைந்து கரைவதைப் பார்ப்பது எப்படி

ரைசோபஸ் ஸ்டொலோனிஃபர் என்னும் பாண் பூஞ்சணத்தின் இலிங்கமுறை இனப்பெருக்கத்தை உயர்தர மாணவருக்குக் காட்ட விரும்பும் ஆசிரியர், வளர்ப்பில் இரு பூஞ்சணங்களும் சந்திக்கும் இடத்தில் கறுப்புக் கோடு தோன்றும்வரை காத்திருத்தல் ஆகாது. கோடு கறுக்கும்போது சுவர் கரையும் வேலை முழுவதும் முடிந்து, இலிங்க இணைவால் உண்டாகும் தடித்த தோலுடைய நுகவித்துகளே எஞ்சியிருக்கும்.

இப்பங்கசில் நேர், மறை என இரு குலவகைகள் உண்டு என்பதையும், அவை சந்தித்தாலன்றி நுகவித்து உண்டாகாது என்பதையும் 1904இல் அமெரிக்கத் தாவரவியலாளர் பிளேக்ஸ்லீ விளக்கினார். ஆகவே வீட்டுப் பாணில் தானாகப் பூத்ததை நம்பாமல், இனங்கண்ட இரு குலவகைகளையும் பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றின் வழியாகப் பெற்றுக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் ஏகார் என்னும் வளர்ப்பூடகம் ஊற்றிய பெற்றிக் கிண்ணத்தின் எதிரெதிர் ஓரங்களில் அவற்றை இட்டு, மூடியின் விளிம்பை நாடாவால் ஒட்டி, இருட்டான இடத்தில் வையுங்கள். ஏறத்தாழ 25 பாகை செல்சியசு இதற்கு ஏற்றது. திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் அறையின் வெப்பம் 30 பாகையைத் தாண்டிவிடும் என்பதால், குளிரூட்டிய அறை இல்லாத பாடசாலைகள் இச்செய்முறையை மாரிகாலத்தில் வைத்துக்கொள்வதே நல்லது.

இரு பூசண வலைகளும் நெருங்கும்போது, ஒன்று ஆக்கும் முன்னோடிப் பொருளை மற்றையது மாற்றியமைக்க, ட்ரைஸ்போரிக் அமிலம் என்னும் இலிங்க ஓமோன் உருவாகிறது. அதன் தூண்டலால் பக்கக் கிளைகள் ஒன்றையொன்று நோக்கி வளர்ந்து, நுனியோடு நுனி தொட்டு வீங்குகின்றன. தொட்ட இடத்தில் கைற்றின், கைற்றோசன் ஆகியவற்றாலான இரு சுவர்களும் இறுக ஒட்டி ஒரே தடுப்பாகின்றன. அடுத்து, ஒவ்வொரு கிளையிலும் புதிய குறுக்குச் சுவர் எழுந்து நுனியைப் பிரிக்க, அது பல கருக்களைக் கொண்ட புணரிக்கலனாகிறது. அதன் பின்னர்தான் நடுத்தடுப்பை நொதியங்கள் கரைக்கின்றன. இங்கே என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைப்பது, ஒரே கலம் ஓரிடத்தில் சுவரைக் கட்டிவிட்டு அதற்கு மிக அருகில் இன்னொரு சுவரை அழிக்கும் கட்டுப்பாடுதான். உள்ளே வீக்க அமுக்கம் இருப்பதால், கரைத்தல் தொடுகைப் பரப்பைவிட்டு வெளிச்சுவருக்குப் பரவினால் கலம் வெடித்து, முதலுரு எனப்படும் அதன் உட்பொருள் வெளியே சிந்திவிடும்.

இரு வளர்ப்புகளும் சந்திக்கத் தொடங்கியதிலிருந்து நாள்தோறும் பாருங்கள். சந்திப்புக் கோட்டில் இன்னும் வெளிறியிருக்கும் பகுதியிலிருந்து சிறிதளவை ஊசியால் எடுத்து, காற்றுக் குமிழிகள் நீங்க 70 சதவீத அற்ககோலில் நனைத்து, இலக்டோபீனோல் கொட்டன் நீலச் சாயத் துளியில் பரப்பி மெல்லிய கண்ணாடி மூடித்துண்டால் மூடுங்கள். முதலுரு நீலமாகவும் சுவர்கள் வெளிறிய கோடுகளாகவும் தெரியும். 400 மடங்கு உருப்பெருக்கத்தில் இரு குறுக்குச் சுவர்களை முதலில் கண்டுபிடித்து, அவற்றுக்கு நடுவே மூன்றாவது கோடு முழுமையாக உள்ளதா, இடையில் அறுந்துள்ளதா, இல்லாமலே போய்விட்டதா என்று பார்த்து, ஒவ்வொரு நிலையையும் மாணவரைத் தனித்தனியே வரையச் செய்யுங்கள். ஒரே வழுக்கியில் மூன்று நிலைகளும் கிடைப்பதுண்டு.

வித்திகள் ஒவ்வாமையைத் தூண்டக்கூடும். ஈளை உள்ளவர்களும் நோயெதிர்ப்பு குன்றியவர்களும் கிண்ணத்தைத் திறக்கவேண்டாம். வேலை முடிந்ததும் கிண்ணங்களைத் திறவாமல் அமுக்கக் கொதிகலனில் 121 பாகையில் 15 நிமிடம் சூடாக்கிய பின்னரே அப்புறப்படுத்துங்கள்.