இரண்டு அறைகளை ஒன்றாக்கும்போது தவறிப்போகும் இடங்கள்

நடுச்சுவரை எடுத்துவிட்டால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்காரப் பெரிய கூடம் கிடைத்துவிடும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அந்தச் சுவர் இத்தனை நாள் சும்மா நிற்கவில்லை. மேல்தளத்தைத் தாங்கியிருக்கலாம், மின்கம்பிகளைச் சுமந்திருக்கும், டிவி சத்தம் அடுத்த அறைக்குப் போகாமல் தடுத்திருக்கும். இந்த வேலைகளையெல்லாம் இனி எது பார்க்கும் என்று கேட்காமலே சம்மட்டியைத் தூக்கிவிடுகிறார்கள்.

மிக ஆபத்தான தவறு, சுவரைத் தட்டிப் பார்த்து முடிவு சொல்வது. ஓசையும் தடிமனும் மட்டும் சாட்சியாகா. வெறும் தடுப்பாகக் கட்டிய சுவரின் மேல்கூட, காலப்போக்கில் தளம் சற்றே தொய்ந்து பாரத்தை இறக்கியிருக்கக்கூடும். மாடியில் அதே நேர்கோட்டில் சுவர் இருக்கிறதா, உத்தரங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பாருங்கள். பார்த்தபின்னும் முடிவைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் விடுங்கள். பீம் போட்டால் போதும் என்பது பாதி உண்மை. சுவர் நெடுகப் பரவியிருந்த பாரம் இப்போது பீமின் இரண்டு முனைகளில் குவிகிறது. அங்கிருந்து அது அஸ்திவாரம்வரை பத்திரமாக இறங்க வழி வேண்டும். முதல் செங்கல்லை எடுக்கும் முன்பே தளத்துக்கு முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அடுக்குமாடி வீடென்றால் அனுமதியில்லாமல் கை வைக்கவே கூடாது.

அடுத்தது தரை. இதை ஏறக்குறைய எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சுவர் நின்ற இடத்தில் அதன் அகலத்துக்குக் கரடுமுரடான பட்டை ஒன்று மிஞ்சும். இருபுறத் தரையும் ஒரே மட்டத்தில் இருப்பது அபூர்வம். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, கால் விரலுக்குத் தெரியும். டைல்ஸ் கோடுகளும் ஒன்றுக்கொன்று நேராக வராது. பழைய டைல்ஸின் நிறத்திலேயே புதிதாகக் கிடைப்பதும் கடினம். நீர்மட்டக் குழாயை வைத்து முன்கூட்டியே அளந்துவிட்டால், தரை முழுவதையும் மாற்றுவதா, அந்தப் பட்டையில் வேறு நிறக் கல் பதித்து அழகாக்குவதா என்று நிதானமாகத் தீர்மானிக்கலாம்.

சுவரை முழுவதும் எடுத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம் என்பேன். இரு ஓரங்களிலும் முழங்கை அளவு சுவரை விட்டு, நடுவில் அகலமாகத் திறந்தால், பெரும்பாலும் பீமைத் தாங்க இடம் கிடைக்கும். இரண்டு கூரைகளின் உயர வித்தியாசமும் மறையும். அந்தத் திறப்பில் நகரும் கதவு வைத்தால், பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பாதி மிச்சமிருக்கும்.

அறைகலன்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதால்தான் பல கூடங்கள் கல்யாண மண்டபம்போல ஆகிவிடுகின்றன: சோபாக்கள் நாலு பக்கச் சுவரோரம், நடுவில் வெற்றிடம். சோபா, மேசை ஆகியவற்றின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டித் தரையில் பரப்பிப் பாருங்கள். நடைபாதைக்கு 90 சென்டிமீட்டராவது மிஞ்ச வேண்டும். இரண்டு அறைகளின் வாசல்களும் இப்போது ஒரே கூடத்தில் இருப்பதால் எல்லா வழியும் நடுவே குறுக்கிடும். ஒரு வாசலை அடைத்தால் இழந்த சுவரில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். டிவிக்கோ அலமாரிக்கோ அது போதும்.

இப்படி முடிவான இடங்களை ஒரு வரைபடமாகக் குறித்துக்கொண்டால் மின்வேலை சுலபம். சுவரோடு போன பிளக் பாயிண்ட்டுகளுக்கு மாற்று இடம், நடுவில் போடும் சோபாவுக்குத் தரையிலேயே ஒரு பாயிண்ட், இரு வாசல்களிலிருந்தும் விளக்கை இயக்க இருவழி ஸ்விட்ச்: எல்லாம் பூச்சு வேலைக்கு முன்பே முடிய வேண்டும். ஏசியும் அப்படியே, ஓர் அறைக்கு வாங்கியது இரண்டு அறை அளவுக்குத் திணறும்.

மதிப்பீட்டுக்கு மேல் பத்து முதல் இருபது சதவீதம் ஒதுக்கி வையுங்கள். சுவருக்குள் தண்ணீர்க் குழாய் ஓடுவது, சில சமயம், உடைத்த பிறகுதான் தெரியவரும்.